மாதத்தில் ஒரு நாள் கிளினிக், மற்ற 29 நாளும் யார் பார்ப்பது?

கேள்வி சுருக்கமாக இது. மூதூரில் இருக்கும் அம்மாவுக்கு 66 வயது. இருபது வருடமாகச் சீனி வருத்தம், பிரஷர். போன வருடத்திலிருந்து இதயமும் பலவீனம். நாலு மாதத்துக்குள் மூன்று தரம் கால் அதைத்து, மூச்சு இழுத்து வார்ட்டில் அனுமதி. ஒவ்வொரு தரமும் ஊசி போட்டு நீரை இறக்கி, ஐந்தாறு நாளில் துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை துண்டு வெட்டும் நாளில் ஒரு தாதி அரை மணித்தியாலம் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தியிருக்கிறார். ஒரு கொப்பி கொடுத்து, தினமும் நிறை எழுதச் சொல்லி, கிளினிக்குக்கு வந்தால் முதலில் தன்னிடம் காட்டச் சொல்லியிருக்கிறார். அண்ணா கேட்கிறார்: "டாக்குத்தர் சொல்லாததை மிஸ் என்ன சொல்லப்போறா?" திருகோணமலை நகரில் வேலை செய்யும் மகள் கேட்பது, இதில் உண்மையில் பயன் இருக்கிறதா, அம்மாவின் வாழ்க்கைத் தரம் கூடுமா, வீட்டில் நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று.

பயன் இருக்கிறது. ஆனால் கொப்பியால் மட்டும் இல்லை. அந்தக் கொப்பியை யாராவது வாசித்து, அதைப் பார்த்து ஏதாவது செய்தால்தான்.

உங்கள் அம்மாவை வைத்தியர் மாதத்தில் ஒரு நாள், ஐந்து நிமிடம் பார்க்கிறார். அந்த ஐந்து நிமிடத்தில் எழுதிய மருந்து சரியாகவே இருக்கலாம். மூன்று தரமும் அவர் வார்ட்டுக்குப் போனது, பெரும்பாலும், மீதி 29 நாளில் நடந்தவற்றால்தான். சலம் போகும் குளிசையை விட்டது, கருவாட்டுக் குழம்பு, முழங்கால் நோவுக்குப் பாமசியில் வாங்கிய குளிசை, கவனிக்காமல் விட்ட காய்ச்சல். இதயம் பலவீனமானவருக்கு மூச்சு இழுப்பது திடீரென்று வருவதில்லை. பல நாளாக, சில பேருக்கு ஒன்றிரண்டு கிழமையாக, உடம்பில் நீர் சேர்ந்துகொண்டே இருக்கும். தராசு அதைக் காட்டும். கண்ணுக்கு இன்னும் தெரியாது. தாதியர் முன்நின்று நடத்தும் பராமரிப்பு என்பது அந்த இடைப்பட்ட நாட்களுக்கு ஒருவர் பொறுப்பெடுப்பது.

இது புதுக் கதை இல்லை. 1995இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 70 வயதுக்கு மேற்பட்ட 282 இதயப் பலவீன நோயாளரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழமையான கவனிப்பு. மற்றப் பிரிவுக்குத் தாதியின் கற்பித்தல், உணவு ஆலோசனை, மருந்துச் சரிபார்ப்பு, வீட்டுக்குப் போதல், தொலைபேசி அழைப்பு. 90 நாளில் வழமையான பிரிவில் 94 தரம் மறுபடி வார்ட் அனுமதி, மற்றதில் 53. வாழ்க்கைத் தரப் புள்ளியும் இரண்டாம் பிரிவில்தான் கூடுதலாக உயர்ந்தது. அண்ணாவுக்கு இதைச் சொல்லுங்கள். ஆனால் நெதர்லாந்தில் 1,023 பேரை 18 மாதம் பின்தொடர்ந்து 2008இல் வெளியான ஆய்வு வேறு விதமாக முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கே தாதியின் கூடுதல் ஆலோசனையால் மரணமும் மறு அனுமதியும் குறிப்பிடும்படி குறையவில்லை. அங்கு எல்லோருக்கும் இதய வைத்தியரின் கவனிப்பு ஏற்கனவே நன்றாகவே கிடைத்துக்கொண்டிருந்தது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். என் கணிப்பில், வெறும் அறிவுரை ஆளைக் காப்பாற்றாது. எண் கூடினால் மருந்து மாறவேண்டும், அதற்கு வழி இருக்கவேண்டும். நமது பக்கத்துச் சான்றும் உண்டு. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் மூன்றிலும் கிராமப்புறத்தில் அரச சமூகச் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் மேல் அமுக்கம் வழமையான கவனிப்பை விடச் சராசரியாக 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. ஒரு ஆளுக்கு 5 என்பது பெரிதாகத் தெரியாது. ஒரு ஊருக்கே 5 குறைந்தால் எத்தனையோ பக்கவாதம் வராமல் போகும்.

சரி, நிறையிலிருந்து தொடங்குவோம். விடிய எழும்பி, சலம் கழித்து, தேத்தண்ணி குடிக்க முதல், ஒரே மாதிரி மெல்லிய உடுப்போடு நிறுக்கவேண்டும். தராசு சீமெந்து நிலத்தில் இருக்கவேண்டும். பாயிலோ கார்ப்பெட்டிலோ வைத்தால் எண் ஆடும். சிலர் பின்னேரம் சாப்பிட்டபின் ஒரு நாளும், மறுநாள் வெறும் வயிற்றிலும் நிறுக்கிறார்கள்; அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஒரு கிலோ வித்தியாசம் வருவது சாதாரணம், அதைப் பார்த்துப் பயப்பட்டு ஆட்டோ பிடிக்கிறார்கள். நேரம் மாறினால் எழுதுவதில் பொருளில்லை.

கொப்பியின் முதல் பக்கத்தில் 'காய்ந்த நிறை' என்று ஒரு எண் இருக்கவேண்டும். கால் வீக்கம் வடிந்து, நெஞ்சில் சத்தம் இல்லாமல், தட்டையாகப் படுக்க முடிகிற அன்றைய நிறை அது. துண்டு வெட்டும் நாளில் வார்ட்டில் நிறுத்திருப்பார்கள். இல்லையென்றால் தாதியிடம் கேட்டு எழுதுவியுங்கள். வார்ட்டுத் தராசும் உங்கள் தராசும் ஒத்துப்போகாது என்பதால், வீட்டுக்கு வந்த மறுநாள் விடிய வீட்டுத் தராசில் வரும் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். அதன்பின் ஒப்பிடுவது வீட்டு எண்ணோடுதான். மூன்று நாளைக்குள் 2 கிலோ கூடினால் அன்றைக்கே அழைக்கவேண்டும். சாப்பாட்டால் மூன்று நாளில் 2 கிலோ கொழுப்பு போடாது. அது இரண்டு லீற்றர் நீர். நிறை மறுபக்கம் இறங்கி, எழும்பும்போது தலை சுத்தினால் அதையும் சொல்லுங்கள். சலக் குளிசை கூடிப்போயிருக்கலாம்.

இன்னும் இரண்டு குறி எழுதச் சொல்லுங்கள்: எத்தனை தலையணை, இரவில் எத்தனை தரம் மூச்சுக்காக எழும்பினார். ஒரு தலையணையில் படுத்தவர் மூன்று வைக்கத் தொடங்கினால், அல்லது கட்டிலை விட்டுச் சாய்மனைக்குப் போனால், நீர் நெஞ்சில் ஏறுகிறது. தாதி கால் முன்னெலும்பில் பெருவிரலால் சில செக்கன் அழுத்திப் பார்ப்பதும் இதற்குத்தான். குழி எவ்வளவு நேரம் நிற்கிறது, கணுக்காலோடு நிற்கிறதா முழங்கால்வரை ஏறியிருக்கிறதா என்று அவர் எழுதுவார். நீங்களும் அதே இடத்தில் பார்க்கலாம்.

ஒரு சொல்லில் கவனம் தேவை. "களைக்குது" என்று அம்மா சொல்வது சோர்வையா, மூச்சு வாங்குவதையா? நம் பக்கத்தில் இரண்டுக்கும் அதே சொல்தான். கேட்பவர் சோர்வு என்று எடுத்தால் விற்றமின் எழுதி அனுப்பிவிடுவார். "கதைத்துக்கொண்டு கிணற்றடி வரைக்கும் நடக்க முடியுதா, நடுவில் நிக்கவேணுமா?" என்று நல்ல தாதி கேட்பார். கிளினிக்கில் அப்படியே சொல்லுங்கள்: கிணற்றடிவரை, படியில் எத்தனை படி, எத்தனை தரம் நின்றார்.

உப்பும் தண்ணியும். ஒரு நாளைக்கு மட்டமான ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்கு மேல் உப்பு போகக்கூடாது. சமையலில், சம்பலில், பாணில் இருப்பதெல்லாம் சேர்த்து. கடல் பக்கத்து வீட்டில் இதை விழுத்துவது கருவாடு. ஊறவைத்தால் உப்புக் கொஞ்சம் கழியுமே தவிரப் போய்விடாது. கருவாடு, நெத்தலி, மாசிச் சம்பல், அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய் இந்த வரிசையைப் பற்றித் தாதி கேட்பார். 'உப்புக் குறைச்சுத்தான் சமைக்கிறோம்' என்று சொல்லிவிட்டுத் தட்டில் கருவாட்டை வைப்பவர்கள்தான் அதிகம். மூதூரிலும் திருகோணமலையிலும் பச்சை மீன் கிடைப்பது பெரிய வசதி. தேசிக்காய்ப் புளி, மிளகு, உள்ளி கூட்டி, உப்பைச் சமைத்து முடிந்தபின் கடைசியில் போட்டால் குறைவான உப்பே நாக்குக்குக் காணும். கடையில் விற்கும் 'உப்புக்குப் பதில் உப்பு' வேண்டாம். அதில் பொற்றாசியம் இருக்கிறது. ஸ்பைரனோலக்டோன், எனலாப்ரில், லோசாட்டன் போன்ற இதய, பிரஷர் குளிசைகள் எடுப்பவருக்கு அது ஆபத்து. அதே காரணத்தால் செவ்விளநீரும் தினமும் குடிக்கிற பொருள் இல்லை, முக்கியமாகச் சிறுநீரகமும் பழுதாகியிருந்தால். பதவிசிறிபுரப் பக்கத்துச் சிறுநீரக நோயாளருக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

தண்ணி அளவு எல்லோருக்கும் இல்லை. வைத்தியர் ஒன்றரை லீற்றர் என்று சொல்லியிருந்தால், விடிய ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றை நிரப்பி வையுங்கள். தேத்தண்ணி, சொதி, கஞ்சி, கொத்தமல்லி எது குடித்தாலும் அதே அளவு தண்ணியைப் போத்தலிலிருந்து வெளியே ஊற்றுங்கள். போத்தல் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில் தாகம் தாங்காது. வாய் கொப்பளிப்பது, தேசிக்காய்த் துண்டைச் சூப்புவது, ஐஸ் துண்டு ஒன்றை வாயில் வைப்பது உதவும். நன்றாக வியர்க்கிற நாளில் நிறை இறங்கினால் இந்த அளவைத் தளர்த்தலாமா என்று கேளுங்கள்; சொன்னதையே பிடித்துக்கொண்டு வெயிலில் வாடவிடக்கூடாது.

இப்போது குளிசைப் பை. இதுதான் தாதி செய்யும் வேலைகளில் மிகப் பயனுள்ளது என்பேன். கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியை மட்டும் கொண்டுபோகாமல் வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். மேசை லாச்சி, மாடத்தட்டு, அம்மாவின் கைப்பை எல்லாவற்றையும் துழாவி. நான் கேட்கச் சொல்வது நாலு விடயம்.

முதலாவது, ஒரே மருந்து இரண்டு நிறத்தில் இருக்கிறதா? அரச மருந்தகத்தில் கொம்பனி மாறினால் குளிசையின் நிறமும் வடிவமும் மாறும். அம்மா அதைப் புது மருந்து என்று நினைத்துப் பழையதையும் சேர்த்துப் போடுவார். இப்படி பிரஷர் குளிசை இரட்டிப்பாகி, எழும்பும்போது விழுந்து இடுப்பெலும்பு உடைகிறது. தாதி பழைய கடதாசி உறையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, மருந்தின் பெயரைச் சத்தமாக வாசித்து, இரண்டில் ஒன்றைக் கையோடு அப்புறப்படுத்தவேண்டும்.

இரண்டாவது, நோக் குளிசை. டைக்ளோபெனாக், இபுபுரோபன் வகை எதுவானாலும் இதயப் பலவீனக்காரருக்கு விஷம் மாதிரித்தான். உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், சிறுநீரகத்தை நசுக்கும், சலக் குளிசையின் வேலையைக் கெடுக்கும். 'இது முழங்காலுக்கு, இதயத்துக்கு இல்லை' என்று அம்மா அதை மருந்துக் கணக்கில் சேர்க்கமாட்டார். ஆகவே "வேறு மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் "இல்லை மிஸ்" என்பார். "முழங்கால் நொந்தால் என்ன போடுவீங்கள்?" என்றுதான் கேட்கவேண்டும். பனடோல் போடலாம், ஆனால் தண்ணியில் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம். அதில் குளிசைக்குச் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும்.

மூன்றாவது, தனியார் கிளினிக்கில் எழுதிய சீனிக் குளிசை. பயோகிளிட்டசோன் அதில் இருந்தால் உடனே இதய வைத்தியரிடம் காட்டுங்கள். அது நீரைப் பிடிக்கும், இதயப் பலவீனத்துக்கு ஒத்துவராது. நாலு மாதத்தில் மூன்று அனுமதி என்றால் நான் முதலில் தேடுவது இதையும் நோக் குளிசையையும்தான்.

நாலாவது, எது மிஞ்சியிருக்கிறது. மாத முடிவில் இதயக் குளிசையான பிஸப்ரலோல் முடிந்து, சலக் குளிசையான பிரஸ்மைட் பாதி மிஞ்சியிருந்தால் கதை தெரிந்துவிட்டது. அம்மா சலக் குளிசையை விடுகிறார். காரணம் சோம்பல் இல்லை. மூதூரிலிருந்து கிண்ணியா வழியாக பஸ்ஸில் வரவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு பயணம் சுலபம்தான், ஆனால் பஸ்ஸில் மலசலகூடம் இல்லை. கல்யாண வீடு, கோயில், கிளினிக் எதற்குப் போனாலும் அன்று பிரஸ்மைட் போடமாட்டார். அவரைக் கண்டிப்பதில் பலனில்லை. அன்றைய குளிசையைத் திரும்பி வந்து பின்னேரம் நாலு மணிக்கு முன் போடலாமா என்று வைத்தியரிடம் ஒரே தடவை கேட்டுக் கொப்பியில் எழுதுவித்தால், விடுபடுவது நின்றுவிடும்.

கிளினிக் நாளில் இன்னொரு பொறி இருக்கிறது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கவேண்டும் என்றால் அம்மா சாப்பாட்டை மட்டுமல்ல, எல்லாக் குளிசையையும் நிறுத்துகிறார். பிரஷர் குளிசை போடாமல், பஸ்ஸில் வந்து, வரிசையில் ஒன்றரை மணித்தியாலம் நின்று, கையை நீட்டினால் 170 காட்டும். மருந்தைக் கூட்டி எழுதுவார்கள். மறுநாள் ஒழுங்காகப் போட்டால் பிரஷர் விழும். ரத்தப் பரிசோதனை நாளிலும் பிரஷர் குளிசையை ஒரு மிடறு தண்ணியோடு போடலாம்; சீனிக் குளிசையும் இன்சுலினும்தான் சாப்பாடு வரைக்கும் நிற்கவேண்டும். தாதி பிரஷர் எழுத முதல் "இண்டைக்கு விடியக் குளிசை போட்டீங்களா?" என்று கேட்டால் பாதிப் பிழை தீரும். மற்றது முறை. ஐந்து நிமிடம் இருந்து, கதிரையில் முதுகு சாய்ந்து, இரு பாதமும் நிலத்தில் பட, கை நெஞ்சு உயரத்தில். வெற்றிலையும் தேத்தண்ணியும் அரை மணித்தியாலத்துக்கு முன் நிறுத்தவேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டியைக் கட்டினால் எண் பொய்யாகக் கூடும்.

இன்சுலின் பற்றிச் சுருக்கமாக, ஆனால் இரண்டு இடத்தில் நின்று. இங்கே போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 யுனிட். இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டு வருவதில் 40 யுனிட் போத்தலும் உண்டு, அதற்குச் சிவப்பு மூடி ஊசி. 100க்கு உரியது செம்மஞ்சள் மூடி. 100 யுனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறும். ஆள் மயங்கிவிடும். போத்தலும் ஊசியும் ஒரே எண்ணா என்று தாதியிடம் ஒருமுறை கையில் கொடுத்துக் காட்டுங்கள். அடுத்தது வயிற்றுத் தோல். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் அங்கே ரப்பர் மாதிரிக் கட்டி வரும். அதில் குத்தினால் நோவு குறைவு, அதனால் அம்மா அதையே விரும்புவார். ஆனால் மருந்து அங்கிருந்து ஒழுங்காக உறிஞ்சாது. இன்றைக்கு 300, நாளைக்கு 60. தாதி விரல் நுனியால் தடவிப் பார்த்தால் கண்டுபிடிப்பார். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு மருந்து கடுமையாக வேலை செய்யும், அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்காமல் மாறவேண்டாம். பால் மாதிரிக் கலங்கிய கலப்பு இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்துத் தரம் உருட்டி, பத்துத் தரம் தலைகீழாகத் திருப்பி எடுக்கவேண்டும், குலுக்கக்கூடாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், பாவனையில் இருக்கும் போத்தலை ஈர மணலில் வைத்த மண்பானைக்குள், தண்ணி உள்ளே போகாமல் மூடி, காற்றோட்டமான நிழலில் வைக்கலாம். குளிர்ப்பெட்டி இருந்தால் கதவுத் தட்டில் வையுங்கள். உறைபெட்டியோடு ஒட்டி உறைந்த இன்சுலின் வீண்.

சீனி 70க்குக் கீழ் இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியைக் கொஞ்சத் தண்ணியில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கவேண்டும். பிஸப்ரலோல், கார்வடிலோல் எடுப்பவருக்கு நெஞ்சுப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மிஞ்சும். குளிரக் குளிர வியர்த்தால் பிரஷர் என்று நினைக்காமல் சீனியைப் பாருங்கள். காரணமில்லாமல் அடிக்கடி சீனி இறங்கத் தொடங்கினால் நல்ல செய்தி என்று நினைக்கவேண்டாம். சிறுநீரகம் குறைந்தால் இன்சுலின் உடம்பில் தங்கி நிற்கும். மூதூர், கிண்ணியாவில் நோன்பு பிடிக்கும் குடும்பங்களுக்கு ஒரு சொல்: ரமழானுக்கு ஆறேழு கிழமை முன்பே தாதியிடம் போங்கள். மருந்து நேரத்தை மாற்ற அவ்வளவு காலம் தேவை. இதயமும் சிறுநீரகமும் பழுதான ஒருவர் நோன்பு பிடிக்கலாமா என்பதே முதல் கேள்வி.

பாதம். தாதி ஒரு நைலோன் இழையைப் பெருவிரலிலும் பாதத்தின் முன்பக்கத்திலும் தொட்டு, வளையும்வரை அழுத்துவார். 10 கிராம் அழுத்தத்தில் அது வளையும். கண்ணை மூடிக்கொண்டு "தொடுது" என்று சொல்ல முடியாவிட்டால், அந்தக் கால் சூட்டையும் முள்ளையும் சொல்லாது. அப்படிப்பட்டவர் கோணேசர் கோயிலுக்கு மத்தியானத்தில் போகக்கூடாது. கல் சுடுவது தெரியாமல் நடந்து, வீட்டில் செருப்பைக் கழற்றும்போதுதான் கொப்புளம் தெரியும். வெயில் ஏற முதல் விடியப் போய் வரட்டும். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறும் ஒரே சூடு இல்லை, வேறு ஒருவர் கை வைத்துப் பார்க்காமல் காலில் ஊற்றவேண்டாம். வீங்கிய காலில் செருப்பு வார் வெட்டினாலும் ஆற மாதக்கணக்காகும். தினமும் இரவில் விரலிடுக்கு, குதி, அடிப்பாதம் பார்ப்பது மகளின் வேலையாகவோ மருமகளின் வேலையாகவோ இருக்கட்டும்.

வாழ்க்கைத் தரம் என்று கேட்டீர்கள். அதை அளக்க வினாக்கொத்துகள் இருக்கின்றன. இதயப் பலவீனத்துக்கென்று மினசோட்டா வினாக்கொத்தில் 21 கேள்வி, புள்ளி 0 முதல் 105 வரை, கூடினால் மோசம். உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்க வடிவத்தில் 26 கேள்வி, தமிழிலும் உண்டு. நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்தல், அன்றாட வேலை, நோவு, மனக்கவலை என்று ஐந்தே கேள்வியோடு ஒரு 0-100 கோடும் வைத்த சின்ன வடிவம்தான் கூட்டமான கிளினிக்கில் நடக்கக்கூடியது. ஆனால் புள்ளியை விட எனக்குப் பிடித்தது ஒரு கேள்வி: "இந்த வருத்தம் வந்ததால் விட்டுப்போன ஒரு வேலையைச் சொல்லுங்கோ அம்மா." வெள்ளிக்கிழமைக் கோயில், பேரனுக்கு இடியப்பம் பிழிவது, இரவில் தட்டையாகப் படுப்பது, எதுவானாலும் அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் காய்ந்த நிறைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் அது திரும்பியதா என்று பாருங்கள். நிறை சரியாக இருந்தும் அவர் கட்டிலை விட்டு இறங்காமல், சாப்பிடாமல், நித்திரையில்லாமல் இருந்தால் மனச்சோர்வைத் தேடவேண்டும். போரும் 2004 சுனாமியும் கண்ட கரை இது. 'வயசு' என்று சொல்லி அதை மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. இதய வருத்தத்தோடு மனச்சோர்வும் சேர்ந்தால் குளிசையும் விடுபடும், நிறையும் எழுதப்படாது.

அந்தத் தாதியிடம் நீங்கள் கேட்கவேண்டியவை இனி. துண்டு வெட்டி ஒன்று இரண்டு கிழமைக்குள் ஒரு சந்திப்பு வேண்டும், மாதக் கிளினிக் வரைக்கும் காத்திருக்கக்கூடாது; மறு அனுமதிகள் கொத்தாக வருவது முதல் கிழமைகளில்தான். மூதூரிலேயே ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இடையில் ஒரு நிறை, பிரஷர், ரத்தத்தில் பொற்றாசியம் பார்க்க நகரம்வரை வரவேண்டியதில்லை, அனுப்பும் கடிதம் இருந்தால் போதும். உங்கள் பிரிவில் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் நோய் வருமுன் பார்ப்பதற்கு. உங்கள் அம்மாவுக்கு இல்லை, உங்களுக்கும் அண்ணாவுக்கும்தான் உரியது. இருபது வருடச் சீனிக்காரியின் பிள்ளைகள் நீங்கள்.

இலங்கையில் தாதி தானாக மருந்து அளவை மாற்றமுடியாது. சுவீடனிலும் பிரித்தானியாவிலும் இதயப் பலவீனக் கிளினிக் நடத்தும் பயிற்சி பெற்ற தாதியர் அதைச் செய்கிறார்கள். இங்கே அதற்கு மாற்று, வைத்தியரே கொப்பியில் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு வரி: இத்தனை கிலோ கூடினால் இத்தனை நாளைக்குப் பிரஸ்மைட் இவ்வளவு, பிறகு அழைக்கவும். அந்த வரி இல்லாவிட்டால் கொப்பி வெறும் நாட்குறிப்புதான். வயிற்றோட்டம், வாந்தி வந்தால் எந்தக் குளிசையை அன்றைக்கு நிறுத்துவது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். பிரஸ்மைட், ஸ்பைரனோலக்டோன், எனலாப்ரில் அல்லது லோசாட்டன், மெட்போமின், எம்பாகிளிபுளோசின் இத்தனையும் நீர் வற்றிய உடம்பில் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கும்.

கற்பித்தது விளங்கியதா என்பதைப் பார்க்க, நல்ல தாதி "விளங்கிச்சா?" என்று கேட்கமாட்டார். எதற்கும் "ஓம் மிஸ்" என்று தலையாட்டுவார்கள். "வீட்ட போய் மகளுக்கு இதை எப்படிச் சொல்லுவீங்கள்?" என்று கேட்டு, அம்மா சொல்லும்வரை இருப்பார். வார்ட்டில் கவனித்தவர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருந்தால் இந்த இடத்தில்தான் எல்லாம் நழுவும். துண்டு வெட்டும் நேரத்தில் இரு மொழியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அழைத்துக் கேட்க நேரமில்லாத நிலையும் உண்டு. இருந்தபடியே மூச்சு வாங்கி வசனம் முடிக்க முடியாமல் போனால், ரோசா நிறத்தில் நுரைச் சளி வந்தால், நெஞ்சு இறுக்கி வியர்த்தால், பேச்சுக் குழம்பினால், 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை படுக்கவைக்காமல், காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து இருத்துங்கள்.

அண்ணாவுக்கு ஒரு வேலை இருக்கிறது. தராசு வாங்குவது அவர் பொறுப்பாகட்டும். விலை கூடியது தேவையில்லை. எண் பெரிதாகத் தெரிகிற, 100 கிராம் வித்தியாசம் காட்டுகிற ஒன்று போதும். அடுத்த கிளினிக்குக்கு அதையும் பையில் கொண்டுபோய், அங்குள்ள தராசில் நிறுத்தவுடன் இதிலும் ஏற்றிப் பார்த்து, எவ்வளவு வித்தியாசம் என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். இருபது வருடச் சீனியில் அம்மாவின் கண் மங்கியிருக்கும். குனிந்து எண்ணை வாசிப்பது அவரால் முடியாது, குனிந்தால் மூச்சும் முட்டும். அவரோடு வீட்டில் இருப்பது அண்ணாதான் என்றால் விடிய வாசித்து எழுதுவதும் அவரே. மூன்றாம் நாள் எண் கூடியிருப்பதை வைத்தியருக்கும் மிஸ்ஸுக்கும் முன்னால் பார்க்கப்போவதும் அவர்தான்.